லிட்டரா, கிலோவா? நீலகிரியில் லேபிள் படித்து வாங்க முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் எந்த மளிகைக் கடையில் நின்று பார்த்தாலும் ஒரே அலமாரியில் நாலு கணக்கு ஓடும். எண்ணெய் லிட்டரில், தயிர் கிராமில், தைலம் மில்லியில், டீ பை எண்ணிக்கையில் இருக்கும். அடுத்த கடையில் உரம் மூட்டையில், பூஞ்சாண மருந்து ஹெக்டேர் கணக்கில். வாங்குபவர் கையில் இருப்பதோ சென்ட் கணக்கில் நிலமும் ரூபாய்க் கணக்கில் பணமும்.

மகளிர் குழுக் கடை நடத்துபவர்கள், ஹோம்ஸ்டே சமையலுக்குச் சாமான் எடுப்பவர்கள், சொந்தத் தோட்டத்துக்கு மருந்து கலப்பவர்கள், வீட்டில் பெரியவர்களுக்கு மருந்து கொடுப்பவர்கள் ஆகியோரை நினைத்து இது எழுதப்பட்டது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் கணக்கில் இல்லை, வரிசையில்தான். எல்லோரும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய வரிசை: எண், அலகு, ஒரே அலகுக்கு மாற்றம், அதன் பிறகே விலை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் சமையலறைத் தராசு ஒன்று. தோட்ட மருந்து நிறுப்பவர்களுக்கு அதே மாதிரி இன்னொன்று தனியாக. மில்லி கோடுகள் போட்ட 1 லிட்டர் அளவுக் குடுவை ஒன்று. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் இரண்டு. அவற்றில் ஒன்று வீட்டு மருந்துக்கு, இன்னொன்று தோட்ட மருந்துக்கு. இரண்டும் எந்தக் காலத்திலும் கலக்கக் கூடாது. தோட்டத்துச் சிரிஞ்சில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு, மருந்து வைக்கும் இடத்திலேயே தொங்க விடுங்கள். போன் கால்குலேட்டர் எப்படியும் இருக்கும்.

லிட்டர் கணக்கில் விற்கும் பொருளையும் எடைக் கணக்கில் விற்கும் பொருளையும் ஒப்பிட நடுவில் ஒரு பொது அளவு வேண்டும். அது எடைதான். எண்ணெய் குளிரில் சுருங்கும், வெயிலில் விரியும். ஐஸ்கிரீமுக்குள் காற்று இருக்கும். சிப்ஸ் பாக்கெட் மலை ஏறினால் புடைக்கும். இவை எதிலும் எடை மாறாது. அதனால்தான் தராசைப் பட்டியலில் முதலில் சொன்னது.

2. தராசைச் சரிபாருங்கள்

காலிக் குடுவையைத் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். 1 லிட்டர் கோடு வரை தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணைக் கோட்டுக்கு நேராகத் தாழ்த்திப் பாருங்கள், மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு தவறும். 1,000 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் தராசு தவறு, அல்லது குடுவையின் கோடு தவறு. எது என்று தெரிய, பிரிக்காத 1 கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். உறையையும் சேர்த்து ஆயிரத்துக்குச் சற்று மேலே காட்டினால் தராசு பெரும்பாலும் சரி, குடுவையை மாற்றுங்கள்.

இரவெல்லாம் குளிரில் கிடந்த தராசைக் காலையில் எடுத்தவுடன் நம்ப வேண்டாம். அறைக்குள் அரை மணி நேரம் வைத்து, பேட்டரி பலவீனமாக இல்லை என்று பார்த்துவிட்டு நிறுங்கள். மலையில் புவி ஈர்ப்பு குறைவு, அதனால் எடை குறைகிறது என்று சிலர் சொல்வார்கள். கொள்கையளவில் உண்மை. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் அது கிலோவுக்கு 1 கிராம்கூட வராது. 50 கிராம் குறைந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

3. லேபிளில் எங்கே பார்ப்பது

தேட வேண்டிய சொல் ‘நெட் குவான்டிட்டி’, அதாவது நிகர அளவு. உறை, டப்பா, மூடி எதுவும் சேராத உள்ளிருக்கும் பொருளின் அளவு அது. முன்பக்கத்துப் பெரிய எழுத்தில் ‘20 சதவீதம் கூடுதல்’ என்று இருப்பதைத் தாண்டி வாருங்கள். எதைவிடக் கூடுதல் என்பது அங்கே இருக்காது.

எண்ணைப் படித்தவுடன் அதன் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘தொள்ளாயிரத்துப் பத்து’ என்று நிறுத்தாதீர்கள், ‘தொள்ளாயிரத்துப் பத்து கிராம்’ என்று சொல்லுங்கள். சின்னப் பழக்கம்தான், ஆனால் பாதித் தவறு இதிலேயே நின்றுவிடும். எண்ணிக்கையில் விற்கும் பொருளுக்கு ஆங்கில ‘என்’ அல்லது ‘யூ’ எழுத்து இருக்கும். டீ பைப் பெட்டியில் ‘25 என்’ என்று இருந்தால் 25 பை. ஒரு பைக்கு எவ்வளவு தூள் என்பது தனியாக இருக்கும். பொதுவாக 2 கிராம், ஆக மொத்தம் 50 கிராம்தான் டீ. அதே விலைக்குப் பக்கத்தில் 250 கிராம் பாக்கெட் இருக்கிறதா என்று அதன்பிறகு பாருங்கள்.

பாக்கெட்டின் உருவத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் தளர்ந்திருந்த சிப்ஸ் பாக்கெட் ஊட்டியில் பலூன் மாதிரி நிற்கும். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு, அதனால் உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. உள்ளே இருக்கும் சிப்ஸ் அதேதான். அன்பளிப்பு டீ டப்பாவும் கடைச் சாக்லேட் பெட்டியும் இதே கதை. உதிரிச் சாக்லேட்டைக் கால் கிலோ நிறுக்கச் சொன்னால், வெறும் பெட்டியைத் தராசில் வைத்துச் சுழியமாக்கிய பிறகு நிறுக்கச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டிக்குச் சாக்லேட் விலை கொடுக்க வேண்டியதில்லை.

4. எண்ணெய்: லிட்டரும் கிலோவும் மோதும் இடம்

அதிகப் பணம் போவது இங்கேதான் என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

சமையல் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். பாக்கெட்டில் ‘1 லிட்டர், 910 கிராம்’ என்று இரண்டும் சேர்ந்து இருப்பது அதனால்தான். ஒரு கிலோவுக்கு 90 கிராம் குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது புதியவர்களின் முதல் தவறு. குறையவில்லை. அது கிலோ பாக்கெட்டே இல்லை.

இரண்டாவது தவறு பெரிய டின்னில். 15 லிட்டர் டின்னும் உண்டு, 15 கிலோ டின்னும் உண்டு. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். 15 லிட்டர் என்பது 13.65 கிலோ. 15 கிலோ டின்னில் சுமார் 16.5 லிட்டர் இருக்கும். கணக்குக்காக ஒரு விலை எடுத்துக்கொள்வோம். லிட்டர் டின் 2,100 ரூபாய், கிலோ டின் 2,250 ரூபாய். பார்த்தவுடன் முதல் டின் 150 ரூபாய் மலிவு. இப்போது வகுங்கள். 2,100-ஐ 13.65-ஆல் வகுத்தால் கிலோ ஏறக்குறைய 154 ரூபாய். 2,250-ஐ 15-ஆல் வகுத்தால் 150 ரூபாய். மலிவாகத் தெரிந்த டின்தான் விலை கூடியது. மாதம் நாலு டின் எடுக்கும் மெஸ்ஸுக்கு இது சின்னத் தொகை அல்ல.

மூன்றாவது தவறு மலைக்கே உரியது: குளிரில் சுருங்கிய எண்ணெயைக் குறைந்துவிட்டதாக நினைப்பது. சோயா எண்ணெய் 1 லிட்டர் 30 டிகிரியில் 913 கிராம். 21 டிகிரியில் 919 கிராம். 60 டிகிரியில் 893 கிராம்தான். சூடு ஏற ஏற ஒரே லிட்டருக்குள் குறைந்த எண்ணெய் அடங்கும். சில நிறுவனங்கள் 60 டிகிரியைக் குறிப்பிட்டு லிட்டர் போட்டதால்தான், பாக்கெட்டில் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லிட்டரோடு சரியான எடையையும் அச்சிடும்படி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தரப்பட்டது. ஆகவே இன்று இரண்டு எண்களும் இருந்தால் கிராம் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். லேபிளில் ஏதாவது வெப்பநிலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் லிட்டரை விட்டுவிடுங்கள்.

இதை நம் ஊர்க் குளிரில் வைத்துப் பாருங்கள். ஜனவரியில் சமையலறை 12 டிகிரி இருக்கும்போது 910 கிராம் எண்ணெயைக் குடுவையில் ஊற்றினால் 984 மில்லி அளவில் நின்றுவிடும். 16 மில்லி திருடு போகவில்லை, சுருங்கியிருக்கிறது. உதிரி எண்ணெயை லிட்டர் அளவையால் வாங்கினால் இதே சுருக்கம் உங்கள் பக்கம் வேலை செய்யும். குளிர்ந்த எண்ணெயின் ஒரு லிட்டரில் சில கிராம் கூடுதலாகவே வரும்.

தேங்காய் எண்ணெயும் நெய்யும் இங்கே வருடத்தில் பாதி நாள் கட்டியாகவே இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். உறைந்ததைக் குடுவையில் அளக்க முடியாது. பாட்டில் கழுத்துவரை இல்லை என்பதை வைத்துக் குறை சொல்லவும் முடியாது. முழுப் பாட்டிலை நிறுங்கள். தீர்ந்த பிறகு காலிப் பாட்டிலை நிறுத்துக் கழியுங்கள். நெய் 1 லிட்டருக்கு 905 முதல் 910 கிராம் வர வேண்டும்.

5. தேன், தைலம், ஐஸ்கிரீம், தயிர்

தேன் எண்ணெய்க்கு நேர் எதிர், தண்ணீரைவிடக் கனம். உணவுத் தர விதியின்படி அதன் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது, 27 டிகிரியில் 1.35-க்குக் குறையக் கூடாது. நல்ல கெட்டித் தேன் 1.4-ஐத் தொடும். 1 கிலோ தேன் 710 முதல் 740 மில்லிக்குள் அடங்கிவிடும். 750 மில்லி பாட்டில் நிறையத் தேன் என்றால் 1 கிலோவுக்கு மேலே இருக்கும். ‘ஒரு பாட்டில்’ என்று விலை சொன்னால் பாட்டில் எத்தனை மில்லி என்று கேளுங்கள். 500 மில்லி பாட்டில் 700 கிராம்தான் பிடிக்கும். இன்னொரு பயனும் உண்டு. 1 லிட்டர் குடுவை நிறையத் தேன் 1,350 கிராமுக்குக் கீழே நிறுத்தால் தண்ணீர்ச் சத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட தேன் சீக்கிரம் புளிக்கும். ஆனால் எடை சரியாக இருப்பதாலேயே தேன் சுத்தமென்று ஆகாது. சர்க்கரைப் பாகும் கனம்தான்.

நீலகிரித் தைலம் மொத்தமாகக் கிலோவிலும் சில்லறையாக மில்லியிலும் போகும். 1 கிலோ தைலம் சுமார் 1,090 மில்லி வரும். 100 மில்லி பாட்டில் பத்து நிரப்பிய பிறகும் 90 மில்லி அளவுக்கு மீதி இருக்க வேண்டும். குழுக்களாகச் சேர்ந்து பாட்டிலில் அடைப்பவர்கள் இந்த மீதியைக் கணக்கில் எழுதாமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஐஸ்கிரீமில் காற்று அடித்துக் கலந்திருக்கும். விதிப்படி 1 லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது, அதாவது பாதிக்குப் பாதி காற்று இருக்கலாம். 700 மில்லி டப்பாவில் 370 கிராம் அளவுக்குத்தான் இருக்கும் என்று எதிர்பாருங்கள். கிராமில் விற்கும் குல்ஃபியோடு மில்லியை நேருக்கு நேர் வைக்காதீர்கள். பாலுக்கு இந்தத் தொல்லை குறைவு. 500 மில்லி பால் 515 கிராம், 500 கிராம் தயிரோடு தாராளமாக ஒப்பிடலாம்.

6. அலகு விலையைக் கண்ணை மூடி நம்பாதீர்கள்

2024 ஜனவரி 1 முதல் பாக்கெட்டில் அதிகபட்ச விலையோடு ஓர் அலகுக்கான விலையும் அச்சிட வேண்டும். 1 கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் அது ஒரு கிராமுக்கு இருக்கும். 1 கிலோவைத் தாண்டினால் ஒரு கிலோவுக்கு இருக்கும். மில்லிக்கும் லிட்டருக்கும் இதே கதைதான். சரியாக 1 கிலோ பாக்கெட்டில் அது இல்லாமலும் இருக்கலாம், விலையே அலகு விலை என்பதால்.

சிக்கல் இரண்டு. முதலாவது, பக்கத்துப் பக்கத்து பாக்கெட்டில் ஒன்று கிராமிலும் மற்றது கிலோவிலும் பேசுகிறது. கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை. இரண்டாவது, அந்த விலை இரண்டு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தப்பட்டது. ‘0.25 ரூபாய்’ என்று இருந்தால் உண்மை விலை கிலோ 245 ரூபாயாகவும் இருக்கலாம், 255-ஐ ஒட்டியும் இருக்கலாம்.

ஓர் உதாரணம். 850 கிராம் பாக்கெட் 209 ரூபாய். அச்சில் 0.25. ஆயிரத்தால் பெருக்கினால் 250. பக்கத்தில் 1.5 கிலோ பாக்கெட் 372 ரூபாய், கிலோ 248. பெரியதுதான் மலிவு என்று எடுத்துவிடுவோம். ஆனால் 209-ஐ 850-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 245 ரூபாய் 88 காசு. சின்னதே மலிவு. ஆகவே நெருங்கிய விலைகளுக்கு நீங்களே வகுத்துவிடுங்கள். வகுக்கும்போது அச்சிட்ட அதிகபட்ச விலையைப் போடாதீர்கள், கடையில் கொடுக்கப் போகும் விலையைப் போடுங்கள்.

7. சத்து அட்டவணை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு பத்தி 100 கிராமுக்கு, இன்னொன்று ஒரு வேளைக்கு. ஒப்பிடுவதற்கு 100 கிராம் பத்தி மட்டும். வேளை அளவை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது.

ரத்த அழுத்தம் உள்ள வீடுகளில் சோடியம் மில்லிகிராமில் இருப்பதை உப்பாக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். 2.5-ஆல் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, என்பதே லேபிளின் சதவீதக் கணக்குக்கு அடிப்படை. வெளிநாட்டுப் பாக்கெட்டில் சக்தி கிலோஜூலில் இருந்தால் 4.184-ஆல் வகுத்தால் கிலோகலோரி.

8. வீட்டு மருந்து: இங்கே தவறு வரவே கூடாது

குழந்தைகளுக்கான பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொன்றில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். சொட்டு மருந்துப் பாட்டிலில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம். எல்லாவற்றையும் 1 மில்லிக்குக் கொண்டுவந்தால் 25, 50, 100. முதல் சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நாலு மடங்கு மருந்து உள்ளே போகும். டாக்டரிடம் கேட்கும்போது ‘எத்தனை மில்லி’ என்று மட்டும் கேட்காமல், பாட்டிலைக் கையில் காட்டி ‘இந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி’ என்று கேளுங்கள். புதுப் பாட்டில் வாங்கினால், பழைய அளவைத் தொடரும் முன் பாட்டிலில் உள்ள செறிவை மறுபடி படியுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம். சிரிஞ்ச் அல்லது மருந்தோடு வந்த மூடியால் அளங்கள்.

இன்சுலின் இதைவிடக் கவனமான விஷயம். நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கேட்ரிட்ஜ் 1 மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்கு ஒன்று, 100-க்கு ஒன்று. பொதுவாக 40-இன் மூடி சிவப்பு, 100-இன் மூடி ஆரஞ்சு. நிறத்தை நம்பாமல் உடலில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள்.

மாறிப்போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகப் பாருங்கள். 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அது 0.2 மில்லி, 8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்காது. 100 மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் அது 0.5 மில்லி, 50 யூனிட் போகும். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழும், உயிருக்கே ஆபத்து. குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் ஊசி போடாதீர்கள். ‘இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்’ என்று வீட்டிலேயே பெருக்கிப் பார்க்கவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக் கடையிலோ சரியான சிரிஞ்சை வாங்குங்கள். பக்கத்து மருந்துக் கடைக்கே பஸ் பிடித்துப் போக வேண்டிய ஊர்களில் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்கான சிரிஞ்சை முன்னதாகவே வைத்திருங்கள்.

வைட்டமின் டி மாத்திரையில் ஒரு நிறுவனம் சர்வதேச அலகிலும் இன்னொன்று மைக்ரோகிராமிலும் எழுதும். 40 அலகு என்பது 1 மைக்ரோகிராம். 60,000 அலகு மாத்திரை 1,500 மைக்ரோகிராம், 1.5 மில்லிகிராம். மில்லிகிராமும் மைக்ரோகிராமும் ஆயிரம் மடங்கு வித்தியாசம், நடுவில் ஒட்டியிருக்கும் ஒரே ஓர் ஆங்கில எழுத்துதான் அவற்றைப் பிரிக்கிறது.

9. தோட்ட மருந்தும் உரமும்

லேபிள் ஹெக்டேரில் பேசும், நாம் சென்ட்டில் பேசுவோம். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர், அதாவது 247 சென்ட். ஆகவே ஹெக்டேர் அளவை 247-ஆல் வகுத்தால் ஒரு சென்ட்டுக்கான அளவு. இந்த ஒரு எண்ணை மருந்துக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.

உருளைக்கிழங்குப் பின்கருகல் நோய்க்கு அடிக்கும் பூஞ்சாண மருந்தான மேன்கோசெப் 75 சதவீதத் தூளின் லேபிளைப் பாருங்கள். ஹெக்டேருக்கு மூன்று எண்கள் இருக்கும்: செயல்படும் மூலப்பொருள் 1,125 முதல் 1,500 கிராம், மருந்து 1,500 முதல் 2,000 கிராம், தண்ணீர் 750 லிட்டர். முதல் எண் தூளுக்குள் இருக்கும் விஷத்தின் எடை. இரண்டாவதுதான் நீங்கள் நிறுக்க வேண்டிய தூளின் எடை. 1,500-ஐ 0.75-ஆல் வகுத்தால் 2,000 வருவதைப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு புரியும். பத்தி மாறிப் படித்தால் மருந்து நாலில் ஒரு பங்கு குறையும், நோய் நிற்காது. ஹெக்டேரை ஏக்கர் என்று படித்தால் இரண்டரை மடங்கு போகும். அது பணத்தையும் மண்ணையும் கிழங்கை நாளை சாப்பிடப் போகிறவரையும் சேர்த்துத் தொடும்.

25 சென்ட் நிலத்துக்கு உயர்ந்த அளவைப் போட்டுப் பார்ப்போம். 2,000-ஐ 247-ஆல் வகுத்தால் சென்ட்டுக்கு 8.1 கிராம். 25 சென்ட்டுக்கு சுமார் 200 கிராம். தண்ணீர் 750-ஐ 247-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்கினால் 76 லிட்டர். 16 லிட்டர் ஸ்ப்ரேயர் டேங்க் என்றால் ஐந்து டேங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு டேங்குக்கு 43 கிராம் தூள்.

அந்த 43 கிராமைத் தோட்டத்துக்கென்று வைத்த தராசில் நிறுங்கள். ‘ரெண்டு மூடி’, ‘ஒரு கைப்பிடி’ என்பது அளவு ஆகாது. ஒரு நிறுவனத்தின் தூள் நெகிழ்வாக இருக்கும், இன்னொன்று இறுகியிருக்கும். மூடி ஒன்றுதான், எடை வேறு. டேங்க் 10 லிட்டரா 16 லிட்டரா என்று தெரியாமல் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அளவை வாங்கிக்கொள்வதும் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. டேங்கின் மேல் அழியாத மையில் லிட்டரை எழுதிவிடுங்கள். திரவ மருந்துகளில் சதவீதத்தின் பின்னால் ‘எடைக்கு எடை’ என்றோ ‘அளவுக்கு எடை’ என்றோ வரும் குறியீட்டை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. மில்லி பத்தியை அப்படியே எடுங்கள்.

உரத்தில் மூட்டை என்பதே நழுவும் சொல். யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ. டிஏபி மூட்டை 50 கிலோ. ‘ஏக்கருக்கு ஒரு மூட்டை’ என்று பெரியவர்கள் சொன்ன பழைய அளவு 50 கிலோவுக்குச் சொன்னது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 50 கிலோவில் 23 கிலோ, 45 கிலோவில் 20.7 கிலோ. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 17 சதவீதம் உள்ள 17:17:17 கலப்பு உரம் 50 கிலோ மூட்டையில் ஒவ்வொரு சத்தும் 8.5 கிலோதான். மீதியைச் சத்தென்று எண்ணி விலை ஒப்பிடாதீர்கள். மண் பரிசோதனை அட்டையில் பரிந்துரை ஏக்கருக்கா ஹெக்டேருக்கா என்று தலைப்பைப் பார்த்துவிட்டே எண்ணைப் படியுங்கள்.

10. கேஸ், கம்பளி, ஹீட்டர்

வீட்டு கேஸ் சிலிண்டரில் நிகர எடை 14.2 கிலோ. காலிச் சிலிண்டரின் எடை அதன் மேல்பகுதியில் பொறித்திருக்கும். 15.3 என்று இருந்தால் மொத்தம் 29.5 வர வேண்டும். கொண்டுவருபவர் முன்னாலேயே பெரிய தராசில் நிறுத்துப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் தீ சிறுத்தால் காலி என்று முடிவுகட்டாதீர்கள். குளிரில் உள்ளே இருக்கும் திரவம் ஆவியாவது மந்தமாகும். நிறுத்துப் பார்த்தால் இரண்டு மூன்று கிலோ மிச்சம் இருக்கலாம். சிலிண்டரைச் சூடு காட்ட மட்டும் கூடாது.

கம்பளிப் போர்வையில் ‘400 ஜிஎஸ்எம்’ என்றால் போர்வை 400 கிராம் இல்லை, சதுர மீட்டருக்கு 400 கிராம். 150-க்கு 225 சென்டிமீட்டர் போர்வை 3.375 சதுர மீட்டர், எடை 1,350 கிராம் வர வேண்டும். ஸ்வெட்டர் அளவு இன்ச்சா சென்டிமீட்டரா என்று பாருங்கள்: 40 இன்ச் என்பது 102 சென்டிமீட்டர். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் கரண்ட் எடுக்கும். பல்பில் வாட் கரண்டைச் சொல்லும், வெளிச்சத்தை லூமென் சொல்லும்.

11. அளவு குறைந்தால்

ஒரு பாக்கெட்டில் சிறிது குறைவதைச் சட்டம் அனுமதிக்கிறது. 500 கிராமுக்கு மேல் 1 கிலோ வரை 15 கிராம், 300 முதல் 500 வரை 3 சதவீதம், 200 முதல் 300 வரை 9 கிராம், 100 முதல் 200 வரை 4.5 சதவீதம். மில்லிக்கும் இதே எண்கள்தான். 910 கிராம் எண்ணெய்ப் பாக்கெட் 897 வந்தால் புகாருக்கு இடமில்லை. 880 வந்தால் உண்டு.

சந்தேகம் வந்தவுடன் பாக்கெட்டைப் பிரித்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிரித்ததைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. அதே தொகுதி எண் (பேட்ச் நம்பர்) உள்ள இன்னும் இரண்டு பாக்கெட்டைப் பிரிக்காமல் உறையோடு நிறுங்கள். தராசின் எண்ணும் லேபிளும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். பில்லை வைத்திருங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அதன் முத்திரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசும்போது பொருளின் பெயரோடு நிகர அளவு, அலகு, தொகுதி எண், நீங்கள் நிறுத்த எடை, காலி உறையின் எடை என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். காலி உறையின் எடைக்கு, அதே பொருளின் முந்தைய காலிப் பாக்கெட்டை நிறுத்தால் போதும்.